குழாயைத் தின்ற நல்ல தண்ணீர்





ஒவ்வொரு மாசி மாதமும் அக்கா வீட்டுக்குப் போய்வருவது என் வழக்கம். குமரி மாவட்டத்தில், கேரள எல்லையை ஒட்டிய ஒரு சிற்றூர் அது. திரும்பும்போது ஏத்தங்காய் உப்பேரி, நல்லமிளகு, கருப்பட்டி என்று பையை நிரப்புவாள் அக்கா. கூடவே ஐந்து லிட்டர் கேனில் தன் கிணற்றுத் தண்ணீரையும் நிரப்பிக் கட்டுவாள். "உங்க ஊர்த் தண்ணியில பருப்பே வேகாதே, இதுல ரெண்டு நாளாவது சாம்பார் வை" என்பாள்.

அவள் சொல்வது உண்மைதான். சென்னைப் புறநகரில் என் வீட்டு ஆழ்குழாய்த் தண்ணீரில் துவரம்பருப்பு ஐந்து விசில் வந்தாலும் கல்லாகவே கிடக்கும். பக்கெட்டின் விளிம்பில் வெள்ளைப் படிவு ஏறும். துணி சோப்பு கரையுமே தவிர நுரைக்காது. அக்கா வீட்டுக் கிணற்று நீரிலோ பருப்பு இரண்டே விசிலில் குழைந்துவிடும். ஒரு துளி ஷாம்பூவுக்குத் தலை முழுக்க நுரை. அதனால் எங்கள் குடும்பத்தில் முப்பது வருடங்களாக ஒரு தீர்ப்பு மாறாமல் இருந்தது: அக்கா வீட்டில் இருப்பது நல்ல தண்ணீர், என் வீட்டில் இருப்பது கெட்ட தண்ணீர்.

இந்த மாசியில் அந்தத் தீர்ப்பை மாற்ற வேண்டிவந்தது. அந்தக் கதையைத்தான் இந்த மாதம் உங்களோடு பகிர்ந்துகொள்ள நினைக்கிறேன். உங்களில் பலர் வீட்டிலும் இதே கதை சத்தமில்லாமல் நடந்துகொண்டிருக்கலாம்.

அக்கா வீட்டு வாஷ்பேசினில், குழாய் சொட்டும் இடத்திலிருந்து தண்ணீர் வடியும் துளைவரை, மயில்கழுத்து நிறத்தில் ஒரு கோடு ஓடியிருந்தது. தேய்த்துப் பார்த்தேன், போகவில்லை. "அது கெய்சர் வச்சதுலேருந்து இருக்கு. டேப்பும் நாலு வருஷத்துல மூணாவது" என்றாள் அக்கா. பிளம்பர் வந்து பார்த்துவிட்டு, இப்போது வருகிற பித்தளை சரியில்லை என்று சொல்லி, இன்னும் விலை கூடிய குழாயை மாட்டிவிட்டுப் போனாராம். அதுவும் ஒரு வருடத்தில் கழுத்தருகே பச்சை பூத்துக் கசியத் தொடங்கிவிட்டது.

எனக்கு எங்கள் பாட்டியின் நினைவு வந்தது. ஈயம் பூசாத பித்தளைப் பாத்திரத்தில் புளிக்குழம்பு வைக்க அவள் யாரையும் விடமாட்டாள். "களிம்பு ஏறும், வயிறு கெடும்" என்பாள். பூச்சு தேய்ந்த பாத்திரம், தெருவில் ஈயம் பூசுகிறவரின் குரல் கேட்கும்வரை பரணில்தான் இருக்கும். அதே பாட்டி, செப்புக் குடத்தைப் பளபளப்பாக்கப் புளியைத்தான் எடுப்பாள். இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான். புளிப்பு செம்பைக் கரைக்கும். அது குடத்தின் வெளிப்பக்கம் நடந்தால் துலக்கம். குழம்புக்குள் நடந்தால் நஞ்சு. அக்கா வீட்டு வாஷ்பேசினில் நான் பார்த்தது அந்தக் களிம்பைத்தான். அப்படியானால் கிணற்றுத் தண்ணீரிலேயே புளிப்பு இருக்கிறதா?

ஒரு சுத்தமான பாட்டிலில் தண்ணீரை விளிம்புவரை நிரப்பி, காற்று புகாமல் மூடி, அன்றைக்கே அரசு நீர் ஆய்வகத்தில் கொடுத்தோம். சில நாட்களில் தாள் வந்தது. கரைந்துள்ள உப்புகள், லிட்டருக்கு 50 மில்லிகிராம். கடினத்தன்மை 14. காரத்தன்மை 10. பி.எச். 5.8. எல்லா வரிகளும் அழகாகத்தான் இருந்தன, கடைசி வரியைத் தவிர. குடிநீருக்கான இந்தியத் தரம் ஐ.எஸ். 10500. அது பி.எச். அளவு 6.5-க்குக் குறையாமலும் 8.5-க்கு மேற்படாமலும் இருக்க வேண்டும் என்கிறது. இந்த வரம்புக்கு எந்தத் தளர்வும் கிடையாது.

பி.எச். என்பது ஒரு நீர்மம் எவ்வளவு அமிலம் அல்லது எவ்வளவு காரம் என்று சொல்லும் எண். இதை 1909-இல் வகுத்தவர் டென்மார்க்கின் சோரன்சென். கோபன்ஹேகனில் ஒரு பீர் ஆலை நடத்திய கார்ல்ஸ்பர்க் ஆய்வகத்தில் அவர் வேலை பார்த்தார். 7 என்றால் நடுநிலை. அதற்குக் கீழே அமிலம், மேலே காரம். ஒவ்வொரு எண்ணும் பத்து மடங்கு வித்தியாசம் என்பதைத்தான் நாம் கவனிக்கத் தவறுகிறோம். 6 என்பது 7-ஐவிடப் பத்து மடங்கு அமிலம். 5 நூறு மடங்கு. அக்கா வீட்டின் 5.8, நடுநிலையைப்போலப் பதினாறு மடங்கு.

"அப்படின்னா புளிக்கணுமே?" என்று கேட்டாள் அக்கா. புளிக்காது. எலுமிச்சைச் சாறு 2-ஐ ஒட்டி நிற்கும். அதோடு ஒப்பிட்டால் கிணற்று நீரின் அமிலம் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. நாக்குக்குத் தெரியாது, வயிற்றையும் அது ஒன்றும் செய்யாது. ஆனால் எலுமிச்சைச் சாற்றை நாம் ஒரு நிமிடத்தில் குடித்துவிடுகிறோம். இந்தத் தண்ணீரோ குழாய்க்குள்ளும் கெய்சருக்குள்ளும் இரவு முழுக்க நின்று ஊறுகிறது, வருடம் முழுவதும். கரைத்த உலோகத்தைச் சுமந்துகொண்டு காலையில் டம்ளருக்குள் வருகிறது. அமிலத்தைக் கண்டு பயப்பட வேண்டியதில்லை. அது கூட்டிவருகிற உலோகத்தைக் கண்டுதான் பயப்பட வேண்டும்.

ஏன் அந்தக் கிணறு அப்படி? மழைத்துளி விழும்போதே காற்றிலுள்ள கரியமில வாயுவைக் கொஞ்சம் கரைத்துக்கொள்ளும். சுத்தமான மழைநீரின் பி.எச். சுமார் 5.6. மண்ணுக்குள் இறங்கும்போது வேர்களும் நுண்ணுயிர்களும் மூச்சாக விடும் வாயுவும் சேர்ந்துகொள்ளும். மண்ணில் சுண்ணாம்புச் சத்து இருந்தால் இந்த அமிலம் அங்கேயே தணிந்துவிடும். மேற்குத் தொடர்ச்சி மலைக்கு மேற்கே இருப்பதோ பெரும்பாலும் செம்புரைக்கல் நிலம். வீடு கட்ட வெட்டியெடுக்கும் அதே வெட்டுக்கல். கேரளத்தின் அங்காடிப்புரத்தில் இதைப் பார்த்த பிரான்சிஸ் புக்கானன், செங்கல் என்று பொருள்படும் லத்தீன் சொல்லைக் கொண்டு 1807-இல் இதற்கு லேட்டரைட் என்று பெயர் வைத்தார். பல லட்சம் ஆண்டுகள் கொட்டிய மழை, அந்த மண்ணிலிருந்த கால்சியத்தையும் மக்னீசியத்தையும் கழுவிக்கொண்டு போய்விட்டது. எஞ்சியவை இரும்பும் அலுமினியமும்தான். தணிக்க ஆள் இல்லாத அமிலம் அப்படியே கிணற்றில் ஊறுகிறது.

என் வீட்டுப் பக்கம் மழை குறைவு, வெயில் அதிகம். பாறையும் மண்ணும் தங்கள் சுண்ணாம்பை இன்னும் இழந்துவிடவில்லை. என் வீட்டு ஆய்வுத் தாளில் பி.எச். 7.9, கடினத்தன்மை 480. அந்தத் தண்ணீர் வயிறு நிறைந்த தண்ணீர். குழாயின் உள்பக்கம் வெள்ளைப் படிவம் பூசிவிடுமே தவிர, குழாயைத் தின்னாது. அக்கா வீட்டுத் தண்ணீர் பசித்த தண்ணீர். கிடைத்ததைக் கரைத்துத் தின்னும். பருப்பு வேகும் விதத்தையும் சோப்பு நுரைக்கும் விதத்தையும் வைத்து நாங்கள் முப்பது வருடம் சொல்லிவந்த தீர்ப்பு, குழாயைப் பொறுத்தவரை தலைகீழ்.

குழாய் போனால் போகட்டும், புதிது மாட்டிக்கொள்ளலாம் என்று நினைக்கத் தோன்றும். அமெரிக்காவின் ஃபிளின்ட் நகரம் அப்படி நினைக்கக்கூடாது என்று நமக்குச் சொல்லியிருக்கிறது. மிச்சிகன் மாநிலத்தில், அப்போது சுமார் ஒரு லட்சம் பேர் வாழ்ந்த ஊர் அது. 2014 ஏப்ரலில், செலவைக் குறைப்பதற்காக, டெட்ராய்ட்டிலிருந்து வாங்கிவந்த ஏரித் தண்ணீரை நிறுத்திவிட்டு உள்ளூர் ஆற்று நீருக்கு மாறினார்கள். அந்த நீரில் குளோரைடு அதிகம், அரிக்கும் தன்மையும் அதிகம். குழாயின் உள்பக்கத்தில் காப்புப் படலம் உருவாக்கப் பாஸ்பேட் சேர்க்க வேண்டும். அதைச் சேர்க்கவில்லை. பழைய காரீயக் குழாய்களில் பல வருடங்களாகப் படிந்திருந்த காப்பு கரைந்தது. பின்னாலேயே காரீயமும் கரைந்தது. தண்ணீர் பழுப்பாக வருகிறது என்று மக்கள் பாட்டில் பாட்டிலாகக் கொண்டுபோய்க் காட்டினார்கள். அதே ஆண்டு அக்டோபரில் அங்கிருந்த ஜெனரல் மோட்டார்ஸ் எஞ்சின் ஆலை, பாகங்கள் துருப்பிடிக்கின்றன என்று அந்தத் தண்ணீரை நிறுத்திக்கொண்டது. எஞ்சினுக்கு ஆகாது என்று தெரிந்த தண்ணீரைக் குழந்தைகள் அடுத்த ஒரு வருடம் குடித்தார்கள். 2015 செப்டம்பரில் மோனா ஹன்னா அட்டிஷா என்ற குழந்தை மருத்துவர், குழந்தைகளின் ரத்தத்தில் காரீயம் கூடியிருப்பதைக் கணக்கோடு வெளியிட்ட பிறகுதான், அக்டோபரில் பழைய தண்ணீர் திரும்ப வந்தது. வளரும் மூளையைக் காரீயம் பாதிக்கும். அதற்குப் பாதுகாப்பான அளவு என்று ஒன்று கிடையாது.

நம் வீடுகளில் காரீயக் குழாய் இல்லை என்று நிம்மதியடைந்துவிட வேண்டாம். கடைசல் எளிதாக வரட்டும் என்று பித்தளையில் காரீயம் சிறிது சேர்ப்பது வழக்கம். ஜி.ஐ. குழாயில் துத்தநாகப் பூச்சு, கெய்சரில் செம்பு. பசித்த தண்ணீர் இவை எதையும் விட்டுவைக்காது. காலையில் முதல் ஒரு நிமிடத் தண்ணீரைப் பிடித்துச் செடிக்கு விடுங்கள். கெய்சர் வெந்நீரைச் சமையலுக்கு எடுக்காதீர்கள். இந்த இரண்டுக்கும் காசு செலவில்லை. இன்றைக்கே தொடங்கலாம்.

சரி, கிணற்றை எப்படித் திருத்துவது? அக்கா ஊரில் மழைக்காலம் முடிந்ததும் கிணற்றில் சுண்ணாம்பு கொட்டுவார்கள். முன்னோர் வழி சரியான வழிதான். சுண்ணாம்பு காரம், அமிலத்தைத் தணிக்கும். ஆனால் எவ்வளவு கொட்டுவது? "ஒரு மூட்டை" என்றார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தேன். இரண்டு மீட்டர் விட்டமுள்ள உறைக் கிணற்றில் மூன்று மீட்டர் தண்ணீர் நின்றால், அது ஏறக்குறைய 9,400 லிட்டர். அக்கா வீட்டு ஆய்வுத் தாளின் எண்களை வைத்துப் பார்த்தால் லிட்டருக்குச் சுமார் 30 மில்லிகிராம் கரியமில வாயு கரைந்திருக்கிறது. அதைத் தணிக்கத் தேவையான நீற்றிய சுண்ணாம்பு லிட்டருக்கு 25 மில்லிகிராம். மொத்தக் கிணற்றுக்கும் கால் கிலோவுக்கும் குறைவு. மூட்டை வேண்டாம், ஐந்து கிலோ கொட்டி அது முழுவதும் கரைந்தாலே, பி.எச். 11-ஐத் தாண்டிவிடும். கண் எரியும், தோல் வழுவழுக்கும், பாசியோடு மீனும் சாகும். நாலு நாளில் புது ஊற்று வந்து அதையும் நீர்த்துப்போகச் செய்யும். பிறகு பழையபடி 5.8. ஒரு வாரம் காரத்தில் ஊறி, பதினொரு மாதம் அமிலத்தில் ஊறுவதால் குழாய்க்கும் பலனில்லை, நமக்கும் பலனில்லை.

கடைசியில் நாங்கள் தேர்ந்தெடுத்த வழி மிக எளிமையானது. பம்புக்கும் மாடித் தொட்டிக்கும் இடையில் 200 லிட்டர் டிரம் ஒன்றை வைத்தோம். கடலை அளவுக்கு உடைத்த, நன்றாகக் கழுவிய சுண்ணாம்புக்கல் சில்லுகளை அதில் நிரப்பினோம். தண்ணீர் அடியில் நுழைந்து, சில்லுகளுக்கிடையே மெதுவாக ஏறி, மேலே வெளியேறும். சுட்டு நீற்றிய சுண்ணாம்புக்கும் சுடாத சுண்ணாம்புக்கல்லுக்கும் உள்ள வேறுபாடு இதில்தான் இருக்கிறது. நீற்றிய சுண்ணாம்பு கொட்டின அளவுக்குக் கரையும். சுண்ணாம்புக்கல்லோ தண்ணீரில் அமிலம் இருக்கும்வரைதான் கரையும். பசி அடங்கியதும் தண்ணீர் கையலம்பிவிடும். அளவு மீறுகிற பயம் இல்லை. குழாயைத் தின்றுகொண்டிருந்த தண்ணீருக்குத் தின்ன ஒரு கல்லைக் கொடுத்தோம், அவ்வளவுதான்.

ஒரு நாளைக்கு 500 லிட்டர் செலவாகும் வீட்டுக்கு இந்தக் கணக்கில் தினமும் சுமார் 35 கிராம் கல் கரையும். மாதத்துக்கு ஒரு கிலோ. கரைந்த சுண்ணாம்பு தண்ணீரின் கடினத்தன்மையை 14-இலிருந்து 80 அளவுக்கு உயர்த்தும். தரநிர்ணயத்தின் விரும்பத்தக்க அளவே 200 என்பதால், இதனால் கவலையில்லை. பருப்பும் வழக்கம்போல வேகும். மூன்று வாரம் கழித்து அக்கா தொலைபேசியில் சொன்னாள்: பி.எச். 7.1. வாஷ்பேசினின் பழைய கோட்டை எலுமிச்சைத் தோலால் தேய்த்து எடுத்துவிட்டாளாம். புதுக்கோடு இன்னும் வரவில்லை.

பி.எச். 6-க்கும் கீழே மிகவும் இறங்கிவிட்ட கிணறுகளில் சுண்ணாம்புக்கல் மட்டும் போதாமல் போகலாம். அங்கே மக்னீசியம் ஆக்சைடு சில்லுகளைக் கொஞ்சம் கலப்பார்கள். அது வேகமாக வேலை செய்யும், அளவு மீறவும் செய்யும் என்பதால் தெரிந்தவர் கையால் செய்வதே நல்லது. தண்ணீரைத் தொட்டியில் உயரத்திலிருந்து பூவாளிபோல விழவைத்தாலே கரியமில வாயுவில் ஒரு பகுதி வெளியேறி அமிலம் கொஞ்சம் குறையும். செலவில்லாத முதல் படி அது. துணி துவைக்கும் சோடாவை வாங்கிவந்து குடிநீர்த் தொட்டியில் போடுகிறவர்களையும் பார்த்தேன். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். அது குடிநீருக்கென்று செய்த பொருளல்ல. ரத்த அழுத்தம் உள்ளவர்களுக்குச் சோடியம் கூடுவதும் நல்லதல்ல.

மாடித் தொட்டியைச் சிமெண்டில் புதிதாகக் கட்டியவர்களுக்கும் ஒரு வார்த்தை. புதுச் சிமெண்டிலிருந்து சுண்ணாம்பு கசிந்து தண்ணீரின் பி.எச். 11-க்கும் மேலே போகும். நிரப்பி, சில நாள் வைத்து, வெளியேற்றி, மறுபடி நிரப்பி, இப்படி நாலைந்து முறை செய்த பிறகே குடிக்க எடுங்கள். காரம் மிகுந்துவிட்டதா என்று பார்க்க நம் வீட்டிலேயே ஒரு கருவி இருக்கிறது. ஆரத்திக்கு மஞ்சள் நீரில் சுண்ணாம்பு கலந்தால் சிவக்கிறதல்லவா? ஒரு டம்ளர் தண்ணீரில் சிட்டிகை மஞ்சள் தூளைக் கலக்குங்கள். சிவப்பு ஓடினால், சுண்ணாம்பு அளவு மீறிவிட்டது என்று பொருள். ஆனால் அமிலத்தை மஞ்சள் காட்டாது. அதற்கு அளவுத்தாளோ கருவியோ வேண்டும்.

கிணற்றில் பிளீச்சிங் பவுடர் போடுகிறவர்கள் இந்த எண்ணை அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும். ஆயிரம் லிட்டருக்கு 2.5 கிராம் என்பது சுகாதாரத் துறையினர் சொல்லும் வழக்கமான கணக்கு. ஆனால் அந்தக் குளோரின் கிருமியைக் கொல்லும் வேகம் தண்ணீரின் பி.எச். அளவைப் பொறுத்தது. 7-இல் அதன் வீரியமுள்ள வடிவம் முக்கால் பங்குக்கும் மேல் இருக்கும். 8.5-இல் பத்தில் ஒரு பங்குதான். அதனால் சுண்ணாம்பையும் பிளீச்சிங் பவுடரையும் ஒரே நாளில் கொட்டாதீர்கள். கொட்டினால் ஒன்று மற்றொன்றின் வேலையைக் கெடுக்கும். கழிப்பறை கழுவும் ஆசிட்டைப் பிளீச்சிங் பவுடருக்குப் பக்கத்தில்கூட வைக்காதீர்கள். இரண்டும் கலந்தால் மூச்சைத் திணறடிக்கும் குளோரின் வாயு கிளம்பும்.

இனி என் வீட்டுக்கு வருகிறேன். பி.எச். 7.9 உள்ள என் வீட்டுத் தண்ணீருக்கு அமில-கார நிலையில் திருத்தமே தேவையில்லை. பருப்பு வேகாததற்குக் காரணம் கால்சியமும் மக்னீசியமும். தண்ணீரைக் கொதிக்கவைத்து, ஆறவிட்டு, தெளிந்ததை எடுத்தால் அதில் ஒரு பகுதி அடியில் படிந்துவிடும். கெட்டிலில் ஏறும் வெள்ளைப் படிவத்தைப் புளித்தண்ணீர் போக்கிவிடும். வாசலில் நிற்கும் இட்லிப்பூச் செடியின் இலை, நரம்பு மட்டும் பச்சையாக நிற்க மஞ்சளாகிறது. காரத் தண்ணீரால் மண்ணிலுள்ள இரும்பைச் செடியால் எடுக்க முடியாமல் போவதுதான் காரணம். மக்கிய எருவும் சேமித்த மழைநீரும் அதற்கு மருந்து. தண்ணீர்த் தொட்டியில் வினிகர் ஊற்றிச் சரிசெய்யலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். வயிறு நிறைந்த தண்ணீரைப் பசிக்கவைக்கும் வேலை அது.

அக்கா வீட்டிலிருந்து திரும்பிய வாரத்தில், என் வீட்டு வாசலில் பெட்டியோடு ஒரு விற்பனையாளர் வந்து நின்றார். என் குழாய்த் தண்ணீர் ஒரு டம்ளர், அவர் கொண்டுவந்த சுத்திகரித்த தண்ணீர் ஒரு டம்ளர். இரண்டிலும் உலோகக் கம்பிகளை இறக்கி மின்சாரம் கொடுத்தார். என் டம்ளர் சேற்று நிறத்துக்கு மாறியது. பக்கத்து வீட்டம்மா நெஞ்சில் கைவைத்துக்கொண்டார். அந்தச் சேறு தண்ணீரில் இருந்ததல்ல, வாசகர்களே. கம்பியிலிருந்த இரும்பு கரைந்து துருவாகியது. தண்ணீரில் உப்பு இருந்தால் மின்சாரம் பாயும், கம்பி கரையும். உப்பை எடுத்துவிட்ட தண்ணீரில் மின்சாரம் பாயாது, அதனால் நிறம் மாறாது. உடலுக்கு நல்ல உப்பு இருந்தாலும் டம்ளர் இப்படித்தான் கறுக்கும். இது சோதனை அல்ல, பயமுறுத்தல்.

அடுத்து அவர் பேசியது 'ஆல்கலைன்' தண்ணீர் பற்றி. ரத்தத்தைக் காரமாக்கும், நோய்கள் எட்டிப்பார்க்காது என்றார். இதை நான் வலியுறுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. நம் ரத்தத்தின் பி.எச். 7.35-க்கும் 7.45-க்கும் இடையில் நிற்கிறது. நுரையீரலும் சிறுநீரகமும் இரவும் பகலும் அதை அங்கே நிறுத்திவைக்கின்றன. நாம் குடிக்கிற தண்ணீர் அந்த எண்ணை அசைக்காது. காரத் தண்ணீர் வயிற்றில் விழுந்ததுமே அங்கிருக்கும் அமிலத்தில் கலந்து தன் காரத்தை இழந்துவிடும். புற்றுநோய்க்கும் சர்க்கரை நோய்க்கும் இது மருந்து என்று நம்பி, மருத்துவரிடம் போவதைத் தள்ளிப்போடும் குடும்பங்கள் இருக்கின்றன. அந்தத் தாமதத்தின் விலை உயிர்.

அவர் விற்க வந்த ஆர்.ஓ. கருவியின் சவ்வு காரத்தன்மை தரும் உப்புகளைத் தடுத்து, கரியமில வாயுவை மட்டும் உள்ளே விட்டுவிடும். அதனால் ஆர்.ஓ. தண்ணீரின் பி.எச். பெரும்பாலும் 7-க்குக் கீழே இறங்கும். அதை ஈடுகட்ட 'ஆல்கலைன்' என்று ஒரு குப்பியைக் கடைசியில் மாட்டுகிறார்கள். அந்தக் குப்பிகளில் பொதுவாக இருப்பவை கால்சியம், மக்னீசியக் கற்கள். அக்கா வீட்டு டிரம்மில் இருக்கும் அதே கல்லின் உறவினர்கள். தண்ணீரை முதலில் பசிக்கவைத்து, பிறகு ஊட்டுவதற்கு இரண்டு முறை காசு. ஒரு லிட்டர் எடுக்க இரண்டு மூன்று லிட்டர் வீணாகவும் போகிறது. லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குக் குறைவாக உப்பு உள்ள இடங்களில் ஆர்.ஓ. கருவியைத் தடைசெய்ய வேண்டும் என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2019-இல் உத்தரவிட்டது இதனால்தான். உப்பு மிக அதிகமான தண்ணீருக்கும், ஃபுளோரைடோ நைட்ரேட்டோ மிகுந்த தண்ணீருக்கும் ஆர்.ஓ. தேவைதான். அக்கா வீட்டின் 50 மில்லிகிராம் தண்ணீருக்கு அது தேவையே இல்லை. ஆர்.ஓ. தண்ணீரைச் செம்புக் குடத்தில் பல நாள் வைத்துக் குடிக்கிறவர்கள் ஒன்றை நினைவில் வையுங்கள்: அதுவும் பசித்த தண்ணீர்தான்.

விற்பனையாளரிடம் என் ஆய்வுத் தாளைக் காட்டினேன். அவர் பெட்டியை மூடிக்கொண்டு கிளம்பினார். அந்தத் தாள் இல்லாதிருந்தால் நானும் பயந்திருப்பேன். என் சேமிப்பில் ஒரு பகுதி அந்தப் பெட்டிக்குள் போயிருக்கும். அக்காவும் அப்படித்தானே நான்கு வருடமாகக் குழாயை மாற்றிக்கொண்டிருந்தாள்? எண் கைக்கு வந்த பிறகு அவளுக்கு ஒரு டிரம் கல் போதுமாக இருந்தது.

ஆகவே உங்களிடம் ஒரு வேண்டுகோள். இந்த மாதம் உங்கள் வீட்டுத் தண்ணீரை அளந்து பாருங்கள். மாவட்டங்களில் தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகங்கள் இருக்கின்றன. ஜல் ஜீவன் திட்டத்தில் ஊராட்சிகளுக்குக் களப்பரிசோதனைப் பெட்டிகள் தந்து, ஊர்ப் பெண்களுக்கே பயிற்சியும் கொடுத்திருக்கிறார்கள். கேளுங்கள், அது உங்கள் உரிமை. பி.எச். கருவி வாங்கினால், உடன் வரும் பொடிகளைக் கரைத்து அதைச் சரிபார்த்த பிறகே நம்புங்கள். டி.டி.எஸ். கருவி உப்பை மட்டும்தான் அளக்கும், அமிலத்தை அளக்காது. குழாயில் சற்று நேரம் தண்ணீரை ஓடவிட்டு, பாட்டிலை விளிம்புவரை நிரப்பி, உடனே மூடுங்கள். திறந்து வைத்தால் வாயு வெளியேறி எண் மாறிவிடும். மழைக்கு முன் ஒரு முறை, மழைக்குப் பின் ஒரு முறை பாருங்கள்.

எண் 6.5-க்கும் 8.5-க்கும் இடையில் இருந்தால் அமில-காரத்துக்காக எதையும் வாங்காதீர்கள், எதையும் கலக்காதீர்கள். கீழே இருந்தால் சுண்ணாம்புக்கல்லிலிருந்து தொடங்குங்கள். எந்த எண் வந்தாலும் அந்தத் தாளைப் பத்திரமாக வைத்து, ஊரின் பெயரோடு எங்களுக்கும் எழுதுங்கள். வாசகர்களின் எண்களை ஊர்வாரியாகத் தொகுத்து வெளியிட விரும்புகிறோம். பக்கத்து வீட்டு வாஷ்பேசினில் மயில்கழுத்து நிறக் கோடு தெரிந்தால், அவர்களுக்கும் இந்தப் பக்கத்தைக் காட்டுங்கள். குறிப்பாக, அந்த வீட்டில் சின்னக் குழந்தை இருந்தால், நாளைக்கு என்று தள்ளிப்போடாமல் இன்றைக்கே காட்டுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்